பதினேழு தோல்வியும் ஒரு மோட்டாரும்

அமெரிக்காவின் ஈரி நகரில் பள்ளிப் பேருந்துகளுக்கு பிரேக் மாற்றும் லோர்னா ஷிமான்ஸ்கிக்கு ஐம்பத்தாறு வயது. ஆறு வருடமாகச் சண்டை ரோபோ செய்கிறாள். பதினேழு ஆட்டம் ஆடி, பதினேழிலும் தோற்றிருக்கிறாள். வேறு யாராக இருந்தாலும் எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பரணில் போட்டிருப்பார்கள். இவளுக்கு ஒரே ஆசைதான்: ரோபோக்கள் மோதும் கூண்டுக்குள் ஒரு தடவை ஜெயிக்க வேண்டும். கோப்பை வேண்டாம், ஒரு ஆட்டம் போதும்.

ரோபோவின் பெயர் பியரோகி. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அவிக்கும் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையின் பெயர் அது. அதன் உடம்பு, காய்கறி நறுக்கும் வெள்ளை பிளாஸ்டிக் பலகை. முன்னால் சுழலும் ஓர் எஃகுத் தகடு. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் எங்கே விரிசல், எந்தக் கம்பி தீய்ந்தது என்று நோட்டில் எழுதிவைத்து, அடுத்த சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து சரிசெய்வாள். எடை போட்டி வரம்பான மூன்று பவுண்டைத் தாண்டினால் பலகையில் ஓட்டை போட்டு அதை இளைக்கவைப்பாள். சொல்லப்போனால், சண்டையைவிட அந்தச் சனிக்கிழமைகள்தான் அவளுக்குப் பிடிக்கும். கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

மார்ச் மாதப் போட்டி தீயணைப்பு வீரர் சங்க மண்டபத்தில் நடந்தது. எதிராளி டெரில் ஹாக்கெட், வீடுகளுக்குக் கூரை போடுகிறவன், இவளை நாலு தடவை துவைத்துக் காயப்போட்டவன். அவனுடைய ரோபோவுக்குப் பல்வலி என்று பெயர். ஆட்டத்துக்கு இருபது நிமிடம் இருக்கும்போது, கருகிய மோட்டாரைக் கையில் பிடித்துக்கொண்டு மேஜை மேஜையாக வந்தான்.

“இந்தச் சக்கர மோட்டார் யார்கிட்டயாச்சும் இருக்கா?”

லோர்னாவிடம் மட்டும் இருந்தது, அதுவும் ஒன்றே ஒன்று. இல்லை என்றால் அவன் வீட்டுக்குப் போவான். ஆடாமலே இவளுக்கு வெற்றி என்று எழுதிவிடுவார்கள். பக்கத்து மேஜைத் தோழி பெக் இடுப்பில் இடித்தாள். “வாயத் தொறக்காதடி. ஆறு வருஷம்!”

எதிராளிக்கு உதிரி பாகம் கொடுக்காமல் ஒளித்தவர் என்று இந்தக் கூட்டத்தில் யாரும் கிடையாது. எங்கேயும் எழுதிவைக்காத வழக்கம் அது. லோர்னாவுக்கு வயிறு எரிந்தது, எரியாமல் என்ன செய்யும். ஆனாலும் டப்பாவைத் திறந்தாள்.

“இந்தா. ஒடைச்சுத் தொலைக்காதே.”

“நெசமாவா? இத வச்சு உன்னத்தான் அடிக்கப்போறேன், தெரியும்ல?”

“மொதல்ல ஒழுங்கா மாட்டு. ஈயம் வைக்கிற லட்சணமா இது? கொண்டா இங்க.”

ஈயத்தை உருக்கிக் கம்பியை அவளே ஒட்டிக்கொடுத்தாள். அந்த அவசரத்தில் தன் தகட்டைப் பிடிக்கும் திருகாணிக்கு நீலப் பசை வைக்க மறந்துவிட்டாள். பசை இல்லாவிட்டால் திருகாணி அதிர்விலேயே கழன்றுவிடும் என்பது அங்கே எல்லாருக்கும் பால பாடம்.

முதல் மோதலிலேயே பியரோகியின் தகடு பிய்த்துக்கொண்டு பறந்து, கூண்டுச் சுவரில் அடித்து விழுந்தது. ஆயுதம் போயிற்று, சக்கரங்கள்தான் பாக்கி. பதினெட்டு என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டே லோர்னா சும்மா முட்டினாள். வேறென்ன செய்வது? பல்வலி ஓங்கி ஓர் அடி கொடுத்தது. கொடுத்த வேகத்தில் தானே எகிறி, பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. ஒரு சக்கரம் அந்தரத்தில் சுற்ற, எழுந்திருக்க வழியில்லாமல் கிடந்தது. நடுவர் நிதானமாகப் பத்து வரை எண்ணினார்.

பெக் கத்திய கத்தலில் மண்டபமே திரும்பிப் பார்த்தது. லோர்னா அழுதாள், அதை மறைக்கவும் இல்லை.

அடுத்த ஆட்டத்தில் பதினோரு வினாடியில் தோற்றுவிட்டு அவள் சாமான்களை அடுக்கிக்கொண்டிருக்கையில், டெரில் அந்த மோட்டாரைத் துடைத்துக் கொண்டுவந்து நீட்டினான்.

“இத மட்டும் நீ குடுக்காம இருந்திருந்தா, தகடும் போயிருக்காது, வேர்க்காம ஜெயிச்சிருப்பே.”

“யார ஜெயிச்சிருப்பேன்? நீதான் வீட்டுக்குப் போயிருப்பியேடா.”