கனகவல்லி எழுதிய ஆமோஸ் உரை

கனகவல்லி அக்காவிடம் ஒரு வேத வசனத்தைச் சொல்லிவிட்டுச் சும்மா போய்விட முடியாது. அதற்கு முந்தின வசனம் என்ன என்று கேட்பார். நமக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும், எபிரெயத்திலும் தெரியும். எங்கள் போலாரம் தமிழ்ச் சபையில் பாதிப் பேர் அவரைக் கண்டால் ஒதுங்கிப் போனதற்கு இதுதான் காரணம். நானும் ஒதுங்கியவள்தான்.

தாத்தா காலத்தில் அரக்கோணத்திலிருந்து, தெலுங்கும் உருதும் பேசுகிற இந்த ஊருக்கு ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம் அவருடையது. அக்கா லாலாகுடா பணிமனையில் கிளார்க். அஞ்சல் வழியில் எபிரெயம் படித்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில், கழித்துப் போட்ட ஜாப் கார்டுகளின் பின்பக்கத்தில் எழுதி எழுதிப் பழகினார். பைபிளில் ஆமோஸ் முதலான பன்னிரண்டு சிறிய தீர்க்கதரிசிகளின் புத்தகங்களுக்கும் தமிழில் உரை எழுதுவது என்று உட்கார்ந்தவர், பதினோரு வருடம் எழுந்திருக்கவில்லை. பெண்களைப் பிரசங்க மேடையில் ஏற்றாத சபை எங்களுடையது. ஏற்றாவிட்டால் போகட்டும், எழுதுவதை எவன் தடுப்பான் என்பது அவர் கட்சி. எழுநூறு பக்கம் எழுதினார்.

2007இல் சபைக்கு ஐம்பதாவது ஆண்டு விழா. அந்த உரையைச் சபையே புத்தகமாகப் போடலாம் என்று செயலாளர் சுனில் சொன்னார். திருநெல்வேலிக்காரர், சாஃப்ட்வேர் கம்பெனி மேனேஜர், சைனிக்புரியில் வீடு. எதையும் எடுத்தால் முடித்துவிடுகிற ஆள். அக்கா வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

வினை வாக்குத்தத்த அட்டையில் இருந்தது. புது வருடத்தன்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் சபையில் ஒரு வசன அட்டை தருவோம். அந்த வருடம் முழுக்க அது கடவுள் நமக்குத் தந்த வாக்கு. சட்டம் போட்டு டிவிக்கு மேலே மாட்டிவிடுவோம். அட்டை சிறியது என்பதால் நீளமான வசனத்தில் வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டிவிடுவது வழக்கம். விழா வருடத்துக்குச் சுனில் எடுத்தது ஆமோஸ் நான்காம் அதிகாரம். பெத்தேல் கோயிலுக்குப் போங்கள், காலைதோறும் காணிக்கை கொண்டுபோங்கள் என்று வருகிற இடம். சபைக்குப் புதுக் கோயில் கட்டக் காணிக்கை திரட்டிக்கொண்டிருந்த நேரம், அதற்கு வாகாக இருந்தது. தங்க எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தாயிற்று.

விழாவுக்கு இரண்டு மாதம் இருக்கையில்தான் சுனில் அக்காவின் உரையை அந்த இடத்தில் புரட்டிப் பார்த்தார். அங்கே ஆமோஸ் யாரையும் அழைக்கவில்லை, கேலி செய்கிறான் என்று மூன்று பக்கம் எழுதியிருந்தார் அக்கா. போங்கள், போய்ப் பாவம் செய்யுங்கள் என்றுதான் அந்த வசனமே தொடங்குகிறது; அட்டையில் வெட்டுப்பட்டது அதுதான். ஏழையை மிதித்துவிட்டுக் காணிக்கையோடு கோயிலுக்கு ஓடுகிறவர்களை அவன் நக்கலடிக்கிறான் என்று விளக்கியிருந்தார். அட்டை அச்சாவதற்கு ஆறு வருடம் முன்பே எழுதியது அது.

கமிட்டி கூடியது. இந்த மூன்று பக்கமும் வெளியே வந்தால் அட்டையை மாட்டியிருக்கும் குடும்பங்களின் முகத்தில் எப்படி விழிப்பது என்று சுனில் கேட்டார். பக்கங்களை எடுத்துவிட்டுப் புத்தகம் போடுவதாக முடிவாயிற்று. நானும் கை தூக்கினேன். அப்போது அது நியாயமாகத்தான் பட்டது. பயந்தாங்கொள்ளிக்கு எல்லாமே நியாயமாகத்தான் படும்.

செய்தி சொல்லச் சுனிலோடு நானும் போனேன்.

"மூணே பக்கம் ஆன்ட்டி. மீதியெல்லாம் அப்படியே போடுதோம். உங்க போட்டோவும் வரும்."

"நக்கோ தம்பி, வேணாம். அத எடுத்துட்டா மீதி முழுக்கப் பொய். என் பேப்பரக் குடுத்துடுங்க."

கட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வேறு எந்தப் பதிப்பகமும் சீந்தாத எழுத்து அது. இந்த வாய்ப்பு போனால் புத்தகமே இல்லை என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். வெளியே வந்தபோது எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

விழா ஞாயிறன்று காலை சபை வாசலில் அக்கா நின்றார். அப்துல் காதர் கடையில் அந்த மூன்று பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து, பின் அடித்து, வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தார். சிலர் வாங்கினார்கள். சிலர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். சுனில் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார்.

"பிஷப் வார நேரம் ஆன்ட்டி. இங்க வேண்டாம். வேற எங்கயாச்சும் போய்க் குடுங்க."

அக்காவுக்குக் கோபம் வரவில்லை.

"ஏழாம் அதிகாரத்துல பெத்தேல் பூசாரியும் ஆமோஸ்கிட்ட இதத்தான் சொன்னான், தம்பி. இது ராஜா வர்ற கோயில், நீ உன் ஊருக்குப் போய்ச் சொல்லிக்கோன்னான்."

சுனில் பிஷப் வரும் வழியை எட்டிப் பார்த்தார். ஆமோஸ் போய்விட்டானா என்று நான்தான் கேட்டேன்.

"போனான்னு எழுதல" என்றார் அக்கா.

நான் கையை நீட்டினேன். உடனே கொடுத்துவிடவில்லை. முதலில் நீ முழுசாகப் படி என்றார். அந்த வாசலிலேயே, எல்லாரும் பார்க்க, மூன்று பக்கத்தையும் நின்றபடி படித்தேன். பிறகுதான் ஒரு கட்டு தந்தார். பிஷப்பின் கார் வந்து நின்றது, கண்ணாடி இறங்கியது. அவர் கையில் கொடுத்தது நான்தான்.