பாய்லர் கத்தாத நாள்

கும்பகோணம் போகும் வழியில் ஏதோ செங்கல் காளவாயில் உமி எரியும் வாசனை பஸ்ஸுக்குள் வந்ததும், என்னை அறியாமல் முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். எங்கள் ஊர் அரிசி ஆலையில் பாய்லருக்கு உமி தள்ளுவதுதான் அம்மாவின் வேலை. அந்த ஆலை இப்போது இல்லை. நெல் காய்ந்த களம் முழுக்க இன்று சோலார் தகடுகள் வெயில் காய்கின்றன. சின்ன வயதில் பள்ளி விட்டதும் அந்தக் களத்தின் ஓரத்தில், வெந்த நெல்லின் ஆவியும் கரித்தூளும் மூக்கில் ஏற, அம்மாவுக்காகக் காத்திருப்பேன். பாய்லர் வீறிடும்போதெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு அழுவேன்.

"கத்துனா நல்லதுடி, உள்ள அடைஞ்ச ஆவி வெளிய போவுது. கத்தாம இருந்தாத்தான் வெடிக்கும்" என்றாள் அம்மா ஒருநாள்.

அதன்பிறகு சத்தம் அல்ல, அமைதிதான் என்னை நடுங்க வைத்தது. ஒரு மாலை வெகுநேரமாகப் பாய்லர் கத்தவேயில்லை. "அம்மா, வெளிய வாம்மா!" என்று அலறிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

"ஒண்ணுமில்லடி, நெருப்பு தணிஞ்சு கெடக்கு" என்று சிரித்தபடி என் தோளைப் பிடித்தாள். அவள் கை வெடவெடவென்று நடுங்கியது. அந்த நடுக்கத்தோடேயே குனிந்து உமிக்கூடையைத் தூக்கினாள்.