எட்டு முறத்தில் இங்கிலீஷ்

திண்டிவனம் ரோட்டில் இருக்கும் மல்லாட்டை குடோனில் நாங்கள் எட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வேர்க்கடலைப் பருப்புப் பொறுக்கிக்கொண்டிருந்தோம். ஆளுக்கொரு முறம். முழுப்பருப்பைத் தனியாக எடுப்போம், சொத்தையைத் தள்ளுவோம். எதிலும் சேராத உடைசலை நடுவில் இருக்கிற கூடையில் வீசிவிடுவோம். சாயங்காலம் அந்தக் கூடை மூட்டையில் கொட்டப்பட்டுச் செக்குக்குப் போய்விடும். எனக்குப் பக்கத்து முறம் சிங்கவரத்துக் கலைச்செல்வியுடையது. அவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. பதிமூன்று வருஷம் இந்தத் தூசியில் உட்கார்ந்து இழுப்பு வந்துவிட்டது. சேர்ந்தாற்போல நாலு வார்த்தை பேசினால் ஐந்தாவதற்கு முன்னால் நின்று மூச்சு வாங்குவாள். இந்த வேலையை விடாவிட்டால் மருந்து கேட்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். விட்டுவிட்டு எங்கே போவது? பத்தாவது தேறினால் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் வேலைக்கு மனுப் போடலாம். வீட்டிலிருந்தே படித்து நாலு பாடம் தேறிவிட்டாள். இங்கிலீஷ் மட்டும் இரண்டு தடவை காலை வாரிவிட்டது.

மூன்றாவது தடவைக்குப் பணம் கட்டிய அன்று, மகள் மஞ்சுவின் ஏழாம் வகுப்பு இலக்கணப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு டீ நேரத்தில் என்னிடம் வந்தாள்.

"அடிப்படையே தெரியலக்கா. பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச்னு... வார்த்தையில எட்டு ரகம் இருக்குது... படிக்கிறேன், மண்டையில... நிக்க மாட்டேங்குது."

நான் பிளஸ் ஒன் வரைக்கும் போனவள். "டீயாவது நிம்மதியா குடிக்க விடேன்டி" என்று வள்ளென்று விழுந்தேன். உண்மை என்னவென்றால் எனக்கும் எல்லாம் மறந்துபோயிருந்தது. ஒத்துக்கொள்ள வெட்கம்.

எங்கள் வரிசையிலேயே மூத்தவர் ஆண்டாளக்கா. கையெழுத்து மட்டும் போடத் தெரியும். அவர்தான் என்னைப் பார்த்துச் சொன்னார்: "இன்னா ரஞ்சிதம், எட்டு ரகம்னு சொல்றா. இங்க எட்டு முறம் இருக்குது. பொறுக்குறது நமக்குப் புதுசா?"

மறுநாள் முதல் அதுதான் வேலையாகிவிட்டது. காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் கலைச்செல்வி ஒரு தாளுக்கு ஒரு வார்த்தை எழுதி வருவாள். நான் படித்து, தமிழில் அர்த்தம் சொல்வேன். ஆட்களின் பேர், பொருளின் பேர் எல்லாம் மீனம்பாள் முறத்துக்கு. அதற்கு நவுன் என்று பட்டம். ஓடுவது, தின்பது, திட்டுவது எல்லாம் ஆண்டாளக்காவுக்கு, அவர் வெர்ப். நல்லது, கெட்டது, கறுப்பு, சிவப்பு கவிதாவுக்கு. "ஐயோ", "அடடா" ரகம் என் தலையில் கட்டப்பட்டது. என் வாய்க்கு அதுதான் பொருத்தமாம். ஒரு வாரத்தில் பஸ்ஸில் வரும்போதுகூட மீனம்பாள், "டிக்கெட் என்னுது, கண்டக்டர் என்னுது" என்று பிடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டாள்.

சண்டையும் வந்தது. சில வார்த்தைகளுக்கு இரண்டு மூன்று பேர் கை நீட்டுவார்கள். என்னாலும் தீர்ப்புச் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட தாளையெல்லாம் பழக்கதோஷத்தில் உடைசல் கூடைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தட்டில் போட்டு வைத்தோம். கலைச்செல்வி அவற்றைப் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவரிடம் காட்டி, எது எந்த ரகம், ஏன் என்று பின்பக்கமே எழுதி வாங்கி வந்தாள். அறுபது தாள் இருக்கும். "இதுலதான்க்கா நான் விழுவேன். இத மட்டும்... கடைசி ரெண்டு நாள் பாத்துக்குறேன்" என்று சொல்லி அதே தட்டில் வைத்திருந்தாள்.

பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கும்போது தட்டு காலியாகக் கிடந்தது. முந்தின நாள் ஆண்டாளக்கா, கை போன போக்கில், உடைசலோடு உடைசலாக அதையும் மூட்டையில் கொட்டிவிட்டிருந்தார். மூட்டை விடியற்காலையிலேயே செக்குக்குப் போய்விட்டது. போன் போட்டோம். தாளைப் பொறுக்கி அடுப்பில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள்.

கலைச்செல்வி மருந்தை வாயில் வைத்து இழுத்துவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டாள். ஆண்டாளக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கு இரண்டு பேரையும் பார்க்கப் பொறுக்கவில்லை.

"அழுது இன்னா ஆவப்போவுது? ஆளுக்கு ஞாபகம் இருக்கிறதச் சொல்லுங்க, எழுதுறேன்" என்று கத்தினேன்.

மீனம்பாள் உடனே சொன்னாள்: "வாட்டர். ஆண்டாளக்கா எங்கிட்டயிருந்து பிடுங்க வந்தாங்களே! குடிக்கிற தண்ணின்னா என்னுது, செடிக்கு ஊத்துனா அவங்களுதுன்னு டீச்சர் எழுதியிருந்தாங்க." உடனே கவிதா தன்னிடமிருந்து போன இரண்டைச் சொன்னாள். அப்புறம் நிற்கவே இல்லை. சுலபமாகக் கிடைத்த வார்த்தை ஒருத்திக்கும் ஞாபகமில்லை; சண்டை போட்டு விட்டுக்கொடுத்ததெல்லாம் அப்படியே ஞாபகமிருந்தது. யார் என்ன சொன்னார்கள், டீச்சர் ஏன் மறுத்தார் என்பது வரைக்கும் ஒப்பித்தார்கள். ஆண்டாளக்கா மட்டும் அழுகைக்கு நடுவே பதினான்கு சொன்னார். சாயங்காலத்துக்குள் ஐம்பத்திரண்டு எழுதிவிட்டேன். பிளஸ் ஒன் படித்த நான் அன்றுதான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். அந்த நன்றி எனக்கு அவர்கள் எல்லோரிடமும் இருக்கிறது.

கலைச்செல்வி முப்பத்தொன்பது மார்க் வாங்கித் தேறிவிட்டாள். "ஹால்ல கேள்வியப் பாத்தா உங்க மூஞ்சிதான்க்கா... வரிசையா தெரிஞ்சிது" என்றாள். மனுப் போட்டாள், கிடைத்தது. குடோனை விட்டுப் போன அன்று எட்டு முறத்தையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் வழக்கம்போல, "போதும் போடி, பஸ் போயிடும்" என்றேன்.

மூன்று மாதம் கழித்து, போன வாரம் டீ நேரத்தில் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்தேன். பின்னால் தட்டுச் சத்தம், பிள்ளைகள் கூச்சல். "எல்லாரும் இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு, ஆண்டாளக்காவில் தொடங்கி என் பேரில் முடித்து எங்கள் ஏழு பேரையும் முறை வைத்துக் கூப்பிட்டு, சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். பேச்சில் ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை.

ஆண்டாளக்காதான் மெதுவாகச் சொன்னார்: "கேட்டியா ரஞ்சிதம், ஏழு பேரையும் ஒரே மூச்சுல சொல்லிட்டா."