கைமேல் எழுந்த கல்லெழுத்து

ஐம்பதுகளின் நடுவில் ஒரு மாசி மகம். மாமல்லபுரத்தில் கடலாடிவிட்டு, நானும் மைத்துனனும் சைக்கிளில் சதுரங்கப்பட்டினம் போனோம். இடிந்த டச்சுக் கோட்டைக்குள் ஒரு கல்லறைமேல் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். எனக்குக் குறும்பு சும்மா இருக்குமா? "தொரை, நீயும் துன்னு" என்று ஒரு கவளத்தைக் கல்லில் வைத்துவிட்டு, அங்கேயே படுத்துத் தூங்கினேன். விழித்தபோது, மேடாகச் செதுக்கிய எழுத்துகள் பட்டு முன்கை சிராய்த்திருந்தது. கவளத்தைக் காணோம்.

சிராய்ப்பு ஆறிய சில வாரங்களில், அதே கோடுகளில் ஊதா நிறத் தடிப்புகள் மினுமினுவென்று எழுந்தன. உள்ளேயிருந்து யாரோ எழுதுவதுபோல. அரிப்பு தாளாமல் சொறிந்தால், சொறிந்த தடத்தில் இன்னொரு வரி. ஒருநாள் கண்ணாடி முன் வாயைத் திறந்தேன். இரு கன்னங்களின் உட்புறமும் சிலந்தி கட்டியதுபோல வெள்ளை வலை, சுரண்டினாலும் வரவில்லை. கையைத் தூக்கினேன். இடம் வலம் மாறிக் கிடந்த கோடுகள் கண்ணாடியில் நேரான எழுத்தாக நின்றன.

"தொரை சோத்துக்கு ரசீது எழுதிக்கினு கீறாரு மச்சான்" என்றான் மைத்துனன். அவன் சிரிக்கவில்லை.

பேயைவிடப் பெரிய பயம், இது பெருநோயோ, குஷ்டமோ என்பது. தட்டு டம்ளரோடு நானே மாட்டுக்கொட்டகைக்குக் குடிபோனேன். யாரும் கிட்டே வரக்கூடாது என்று உத்தரவு.

"மாடு மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு?" என்றாள் மனைவி.

ஆஸ்பத்திரியில் 'ஆமாம்' என்றால் வீடு திரும்புவதில்லை என்ற முடிவோடு செங்கல்பட்டு பஸ் ஏறினேன். அங்கே பெஞ்சில் பக்கத்தில் இருந்தவருக்கு விரல்கள் மழுங்கியிருந்தன. நான் விளிம்புக்கு நகர்ந்தேன். நான் சொறிவதையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அரிக்குதா அண்ணாத்த?"

"உயிரு போவுது."

"அப்ப வூட்டுக்குப் போ. எனக்கு நெருப்பு பட்டாக்கூடத் தெரியல. ஒருவாட்டி அரிச்சா போதும்னு கீது."

உணர்ச்சி இருக்கிறதா என்று டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்தார். நான் போட்ட கூச்சலில் வெளியே பெஞ்சே எழுந்துவிட்டதாம். பெருநோய் இல்லை, லைக்கன் பிளேனஸ் என்கிற தோல் அழற்சி என்றார். இப்படிக் கோடாக வருவது அபூர்வம், வாயில் உள்ள வலையும் அதுதான், யாருக்கும் ஒட்டாது, சொறியாதே. வெளியே வந்தபோது பெஞ்சில் அந்த விரல் மழுங்கியவர் இல்லை.

தடிப்புகள் அமுங்கிக் கறுப்புத் தடமாகிவிட்டன. அதைப் படிக்கச் சொல்லி யாரிடமும் நான் காட்டவில்லை. எப்போதாவது அந்தக் கை அரிக்கும்போது மட்டும், சொறியாமல் சற்று நேரம் அப்படியே வைத்திருக்கிறேன். அந்த மனிதர் ஒருமுறையாவது வேண்டுமென்று ஏங்கியது இதற்குத்தானே.