கருங்கல்லுக்குக் கீழே ஒரு படம்

அட்டன் டவுனில் ஸ்டூடியோ வைத்திருந்தவர் எங்கள் தேயிலைத் தோட்டத்து மலைக்குப் படம் பிடிக்க வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடை முதலாளி ஒருவரின் காலண்டருக்கு அருவியும் மலைமுகடும் வேண்டுமாம். ஆளே இல்லாத படம் என்றதும் நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசையே சிரித்தது. "மூஞ்சி தெரியாட்டி அது என்னாங்க படம்?" என்று கேட்காதவர் இல்லை. சின்னப்பா அவருடைய கேமரா ஸ்டாண்டைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். பின்னால் சின்னம்மா, அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான். எனக்கு ஏழு வயதிருக்கும்.

சின்னம்மாவுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். அடுத்த வாரம் அவளும் சின்னப்பாவும் ஒரேயடியாக இந்தியாவுக்குக் கப்பலேற இருந்தார்கள். அவள் பெற்ற ஒரே பிள்ளை, பல் முளைக்கும் முன்பே காய்ச்சலில் போய்விட்டது. தேயிலைக்கு மேலே, புல் சரிவில், முன்பே அங்கே கிடந்த ஒரு கருங்கல்லுக்குக் கீழே அதைப் புதைத்திருந்தார்கள். அத்தனை சின்னப் பிள்ளைக்கு அடையாளம் எதுவும் வைப்பது எங்கள் வழக்கமில்லை. புல் மூடிவிட்டது. அந்த மண்ணைப் படமாகவாவது கொண்டுபோக வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. எனக்கு இதையெல்லாம் அப்போது யாரும் சொல்லவில்லை.

மேலே போகப் போகக் காற்று காதை அறுத்தது. படக்காரர் அருவியை எடுத்தார். மேகம் விலகும்வரை குந்தியிருந்து முகட்டை எடுத்தார். பிறகு, அட்டை கடித்த காலைத் தேய்த்துக்கொண்டே, இன்னும் ஒரு படத்துக்குத்தான் ஃபிலிம் பாக்கி என்றார். அப்போதுதான் சின்னம்மா வாய் திறந்தாள்.

"அண்ணே, அந்தக் கல்லுக்குக் கீழ ஒன்னு எடுத்துக் குடுங்க."

"அங்க என்னம்மா இருக்கு? வெறும் புல்லு."

"புல்லே இருக்கட்டுங்க."

சின்னப்பா காரணத்தைச் சொல்லியிருக்கலாம். நல்ல காரியமாக வந்த மனிதரிடம் சாவுப் பேச்சு எதற்கு என்று நினைத்தார் போலும். "ஊருக்குப் போறவ ஏதோ ஆசப்படுறா, எடுத்துருங்க" என்று சிரித்து மழுப்பினார்.

படக்காரர் இரக்கமுள்ளவர். வெறும் புல்லை எப்படிக் கொடுப்பது என்று என்னைப் போய் நிற்கச் சொன்னார். நான் ஓடினேன்.

"அங்க கால வைக்காத, தள்ளி நில்லு" என்றாள் சின்னம்மா. குரல் கிழிந்திருந்தது. அட்டைக்காகச் சொல்கிறாள் என்று நினைத்து ஓரமாக நகர்ந்து, பல் தெரியச் சிரித்தேன். மூட்டம் இறங்குவதற்குள் எடுத்துவிட்டார்.

அவர்கள் கப்பலுக்குப் புறப்பட்ட அன்று படக்காரர் ரயில் நிலையத்துக்கே படத்தைக் கொண்டுவந்தார்.

"புல்ல எல்லாம் வெட்டிட்டேன்மா. புள்ள மூஞ்சி மட்டுந்தான். எவ்ளோ லட்சணம் பாருங்க."

சும்மா சொல்லக் கூடாது, அழகான படம். முழுக்க நான்தான். கல் இல்லை, சரிவு இல்லை. சின்னம்மா அதைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள்.

"வெட்டுனது இருக்குங்களாண்ணே?"

"அத எதுக்கும்மா வைக்கிறது? குப்பைக்குப் போயிருச்சு."

அதற்குள் ரயில் வந்துவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து படத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். சின்னப்பா பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் என்னைப் பிரிய முடியாமல்தான் அப்படி அழுகிறாள் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ரயில் நகர நகரக் கூடவே ஓடினேன்.

"அழுவாத சின்னம்மா, அதான் என் படம் இருக்குல்ல."