கை தூக்கி நின்றவர்

வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கின புதிது. பேரன் அதில் அரபு தேசத்து மலைப் பாறைகளைக் காட்டினான். ஒட்டகம், கொம்பு வைத்த ஆடு, நடுவில் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு ஒரு ஆள். எந்தக் காலத்திலோ கல்லில் கொத்தியது.

"யாருக்குக் கை தூக்கறான்னு யாருக்குமே தெரியாதாம் பாட்டி" என்றான்.

எனக்கு அந்த ஆளைத் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை. இந்தக் கல்கத்தா லேக் கார்டன்ஸ் பிள்ளைகள் பேசுகிற வேகத்தில் நான் எங்கே பேசுவது.

என் சின்ன வயசில் நாங்கள் ஹவுராவில் இருந்தோம். அப்பா ரோடு போடுகிற வேலைக்கு அரபு தேசம் போனார். அங்கிருந்து ஒரே ஒரு போட்டோ வந்தது. கல்லில் இருந்த அந்த ஆளுக்குப் பக்கத்தில் அப்பாவும் அதே மாதிரி கை தூக்கிக்கொண்டு நிற்கிறார். தினமும் சாயங்காலம் லாரி திரும்பும்போது இப்படி நின்று எல்லாரையும் சிரிக்க வைப்பாராம். நானும் வீட்டில் நின்று காட்டுவேன்.

"போதும்டி, தோள் பிசகிக்கப் போறது" என்பாள் அம்மா.

அப்பாவோடு கூடப்போன வங்காளிக்காரரை நான் காக்கு என்று கூப்பிடுவேன்; அவர் அம்மாவை பௌதி, மன்னி, என்பார். ஒரு நாள் அவர் மட்டும் திரும்பி வந்தார். அம்மா எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டு வங்காள மொழியில் சொன்னார்.

"முன்னால போன லாரியில நான் இருந்தேன், பௌதி. அவர் பாறைகிட்ட நின்னு கை தூக்கினார். எப்பவும் போல விளையாட்டு, பின்னால வர லாரியில ஏறிப்பார்னு நினைச்சோம். சிரிச்சிண்டே நாங்களும் கை ஆட்டிட்டு வந்துட்டோம்."

பின்னால் வரவேண்டிய லாரி ரிப்பேராகி வரவேயில்லை. தண்ணீர் இல்லாத இடம். தேடிப் போனபோது அப்பா அந்தப் பாறையடியில் கிடந்தாராம். அங்கேயே புதைத்துவிட்டார்கள்.

உடம்பு ஊருக்கு வராததால் சித்தப்பா தர்ப்பையில் ஆள் மாதிரி ஒன்று கட்டினார். அதைத்தான் கொண்டுபோய் எரிக்க வேண்டுமாம். கை இரண்டையும் பக்கவாட்டில் தொங்கவிட்டிருந்தார்.

"அப்பாவுக்குக் கை மேல இருக்கணும் சித்தப்பா."

"சும்மா இருடி."

"அவ சொல்றபடியே கட்டுங்கோ" என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. சித்தப்பா அவிழ்த்துக் கட்டினார்.

காக்கு வாசல் ஓரமாக நின்றிருந்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது. அவரைச் சிரிக்க வைக்க எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். எதிரே போய் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றேன்.

காக்கு என்னையே பார்த்தார். அப்புறம் செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கி ஓடினார். அதற்கப்புறம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

கையை இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கியிருந்தால் சிரித்திருப்பார் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.