ஏழு மணிக்காரர்

நான் சொல்லும் கதைகளில் பாதியை என் மனைவி தள்ளுபடி செய்துவிடுவாள். மலைப்பாம்பை வேட்டி என்று நினைத்து இடுப்பில் சுற்றிக்கொண்ட கதையை முழுசாகவே தள்ளிவிட்டாள். இந்த ஒன்றில் மட்டும் ஒரு வார்த்தையைக்கூடக் குறைக்க மாட்டாள். அவளும் அந்த அறைக்குள் இருந்தாள்.

கைபேசி வராத காலம். கம்பெனி என்னை வெளிநாட்டுக்கு அனுப்பி, தூதரக அதிகாரிகள் குடியிருக்கும் தெருவில் பதினொன்றாம் எண் வீட்டைக் கொடுத்தது. உயரமான மதில், அதன்மேல் முள்கம்பி, ஜன்னலுக்கு ஜன்னல் இரும்புக் கம்பி. திருடனை விடுங்கள், காற்றே அனுமதி வாங்கித்தான் உள்ளே வரும். மாடியில் ஒரு பாதுகாப்பு அறை. இரும்புக் கதவு, உள்ளேயிருந்துதான் திறக்க முடியும். என் மனைவி அதற்கு 'பீரோ' என்று பெயர் வைத்தாள். சைரன் அடித்தால் நான், அவள், பத்து வயது மகள் மூவரும் பீரோவுக்குள் போய்விட வேண்டும். ஆபத்து நீங்கியதும் காவலாளி வெளியே நின்று அந்த வாரத்து ரகசிய வார்த்தையைச் சொல்ல வேண்டும். சொன்னால் திறக்கலாம். அதுதான் விதி.

காவல் பொறுப்பு அந்த ஊரில் தமிழர்கள் நடத்திய ஒரு பாதுகாப்பு அலுவலகத்துடையது. வார்த்தை திங்கட்கிழமைதோறும் அங்கிருந்து ஒட்டிய உறையில் வரும். எங்கள் காவலாளியும் நம்ம ஊர்ப் பையன்தான், நெட்டையாக, ஒல்லியாக இருப்பான். நாங்கள் வைத்த பெயர் ஒட்டடைக்கம்பு. பட்டம் கொடுத்ததுபோல் வாங்கிக்கொண்டான். ஒரு வாரம் 'எருமை' என்று வந்தது. ஒத்திகையன்று கதவுக்கு வெளியே அரைமணி நேரம் வாயே திறக்கவில்லை. கேட்டால், "உள்ள அக்கா இருக்காங்களே, எப்படிண்ணே சொல்றது?" என்றான். மகளுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது.

பீரோவுக்குள் ஒரு வாக்கி டாக்கி உண்டு. தினமும் மாலை சரியாக ஏழு மணிக்குப் பாதுகாப்பு அலுவலகத்தின் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒருவர் அதில் கூப்பிடுவார். பதினொன்று, எல்லாரும் சுகமா என்பார். சுகம் என்போம். பெயர் கேட்டால், சொல்லக் கூடாது என்பது விதி என்றார். மகள்தான் அவருக்கு 'ஏழு மணிக்காரர்' என்று பெயர் வைத்தாள். இரண்டு வருஷம். மகளின் கணக்குப் பரீட்சை, என் மனைவியின் முதுகுவலி எல்லாம் அவருக்கு அத்துப்படி. கண்காணாத ஊரில் ஒருநாள் தவறாமல் நம்மை விசாரிக்கும் குரல்... கூடப்பிறந்தவன் மாதிரி ஆகிவிட்டார்.

சின்னச் சின்ன விஷயங்கள் இடித்தன. கட்டுப்பாட்டு அறை என்றால் பின்னால் நாலு போன் அடிக்க வேண்டாமா? அவர் பேசும்போது பின்னால் ஒரு சத்தமும் இருக்காது. ஒருநாள், பாப்பா ஏன் இன்று மஞ்சள் ரிப்பன் கட்டவில்லை என்று கேட்டார். நாங்கள் யாரும் அதைச் சொல்லவில்லை. கடைசி மாதத்தில் அடிக்கடி ஒன்று சொன்னார். ஒட்டடைக்கம்பிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள் என்றார்.

அது ஒரு வியாழக்கிழமை. அந்த வாரத்து வார்த்தை 'குடைக்கம்பி'.

மாலை 7.08. சைரன்.

மூவரும் பீரோவுக்குள் ஓடினோம். மூன்று தாழ்ப்பாளையும் போட்டேன். கீழே கண்ணாடி உடைந்தது. தடதடவென்று கால்கள். யாரோ மதில் ஏறிக் குதித்தார்கள். சைரன் நின்றது.

உள்ளே இருந்த போனை எடுத்தேன். உயிர் இல்லை. வாக்கி டாக்கியைக் கையில் எடுத்தேன். நான் பொத்தானை அழுத்தும் முன்பே பதில் வந்தது.

"பயப்படாதீங்க. வண்டி கிளம்பியாச்சு."

7.16. படியில் காலடி. மெதுவாக... ஒரு காலை இழுத்து இழுத்து.

"அண்ணே, ஓடிட்டாங்க. குடைக்கம்பி."

என் கை தாழ்ப்பாளுக்குப் போனது.

"திறக்காதீங்க," என்றது வாக்கி டாக்கி. "வார்த்தையை அவன் வித்துட்டான். பக்கத்துல நாலு பேர் நிக்கிறாங்க."

அவன்தான் சரியாகச் சொல்லிவிட்டானே, திறங்கள் என்றாள் மனைவி. நான் மகளைப் பார்த்தேன். கையை எடுத்துவிட்டேன்.

7.24.

"அண்ணே, குத்திட்டாங்க. என் வாக்கி டாக்கியையும் உடைச்சுட்டாங்க. மருந்துப் பெட்டி உள்ளதான் இருக்கு... குடைக்கம்பி."

வண்டி எங்கே என்று கேட்டேன். தெருமுனையில் திரும்புகிறது என்றார் ஏழு மணிக்காரர்.

7.35க்குக் கேட்டேன். தெருமுனையில் திரும்புகிறது. அதே சொல். அதே மூச்சு.

7.41. இந்த முறை குரல் தரையோரமாக வந்தது.

"அக்கா... குடைக்கம்பி..."

மகள் காதைப் பொத்திக்கொண்டாள்.

"நடிக்கிறான்," என்றது வாக்கி டாக்கி.

மகளுக்கு அதுவும் கேட்க வேண்டாம் என்று வாக்கி டாக்கியின் குமிழைத் திருகி அணைத்தேன். சிவப்பு விளக்கு அணைந்தது.

"திறக்காதீங்க."

பேட்டரியைக் கழற்றினேன். பேட்டரி ஒரு கையில். டப்பா ஒரு கையில்.

"திறக்காதீங்க... இன்னும் கொஞ்ச நேரம்தான்."

திறந்தேன். 7.49.

நாலு பேர் இல்லை. ஒட்டடைக்கம்பு மட்டும். அந்த நெட்டை உடம்பு வாசலுக்குக் குறுக்கே மடங்கிக் கிடந்தது. மனைவி போர்வையை அவன் வயிற்றில் வைத்து அழுத்தினாள். அவன் என்னைத்தான் பார்த்தான்.

"மூணு தடவையும் சரியாத்தானேண்ணே சொன்னேன்?"

தெருவில் இறங்கி ஓடினேன். சைரன் அடித்தால் எதிர்வீட்டுத் தூதரகக்காரரும் தன் பீரோவுக்குள் போய்விடுவார். கதவைத் தட்டி, கத்தி, அவர் போனில் வண்டியைக் கூப்பிட்டேன். வந்துவிட்டது. ஆறே நிமிஷத்தில்.

விடியற்காலை ஆஸ்பத்திரியில் ஒட்டடைக்கம்பு போய்விட்டான்.

மறுநாள் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனேன். ஏழு மணிக்காரனின் சட்டையைப் பிடிக்க வேண்டும். அங்கிருந்த மேலதிகாரி பதிவேட்டைப் புரட்டிவிட்டு என்னை விநோதமாகப் பார்த்தார். "உங்க ரூம் வாக்கி டாக்கி ரிப்பேர் சார். நீங்க வர்றதுக்கு முன்னாடியே. நாங்க அதுல பேசினதே இல்ல. உங்க வாட்ச்மேன்தான் தினமும் ஏழு மணிக்கு கேட்லேர்ந்து எல்லாரும் சுகம்னு சொல்லுவான்."

அந்த வாரமே ஊருக்குக் கிளம்பினோம். மூன்று மாதம் கழித்து அதே வீட்டில் வேறொரு கம்பெனிக் குடும்பம் குடிவந்ததாகக் கேள்விப்பட்டேன். நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதி, அந்த வாக்கி டாக்கியை உடைத்துப் போடுங்கள் என்று கடிதம் போட்டேன்.

பதில் வந்தது. மரியாதையான கடிதம். நாலே வரி.

'தங்கள் அக்கறைக்கு நன்றி. இப்படி ஒரு கடிதம் வரும் என்று கட்டுப்பாட்டு அறை நண்பர் போன வாரமே சொல்லிவிட்டார். காவலாளியின் சாவுக்குக் காரணமானவர் நீங்கள்தான் என்றும் சொன்னார். தயவுசெய்து இனி எழுத வேண்டாம்.'